விரிசலின் கணக்கு: சுப்ரா சுரேஷின் பொருட்பொறியியலும் பல்கலைக்கழகத் தலைமையும்

1. பொருளும் இடமும்

உருக்கு, சீமெந்து, மட்பாண்டம், எலும்பு ஆகிய எந்தப் பொருளின் வலிமையும் கண்ணுக்குப் புலப்படாத அதன் உள்ளமைப்பில் தங்கியிருக்கிறது. அந்த உள்ளமைப்பை அளந்தறிந்து, தேவைக்கேற்ப மாற்றியமைத்து, அது எவ்வளவு காலம் தாங்கும் என்று கணித்துச் சொல்லும் துறையே பொருட்பொறியியல் ஆகும். பாலம் அமைப்பவருக்கும் மின்சாரம் பிறப்பிப்பவருக்கும் பின்னால் நின்று உதவும் துறையாக அது இருப்பதால், அத்துறையினரின் பெயர்கள் பொதுமக்களிடம் பெரிதும் அறியப்படுவதில்லை. அத்துறையில் ஆய்வாளராகத் தொடங்கி, மசாசுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தின் பொறியியல் பீடாதிபதியாகவும், அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் பணிப்பாளராகவும், இரு நாடுகளில் இரு பல்கலைக்கழகங்களின் தலைவராகவும் பணியாற்றிய சுப்ரா சுரேஷின் பணிவாழ்வை ஆராய்வது இச்சொற்பொழிவின் நோக்கமாகும்.

இவ்வாய்வு நுரைச்சோலைக்குப் பொருந்தி வருவதற்குக் காரணம் உண்டு. மேற்கே கடலும் கிழக்கே புத்தளம் களப்பும் சூழ்ந்த கற்பிட்டித் தீபகற்பத்தில், மணற்காணித் தோட்டச் செய்கையாலும் மீன்பிடியாலும் வாழ்ந்துவந்த இவ்வூர், 2011 இல் முதலாம் அலகு இயங்கத் தொடங்கி 2014 இல் நிறைவுற்ற லக்விஜய அனல்மின் நிலையத்தால் நாடெங்கும் அறியப்பட்ட பெயராயிற்று. ஒவ்வொன்றும் 300 மெகாவாற்றுக் கொள்ளளவுடைய மூன்று அலகுகளைக் கொண்ட அந்நிலையத்தில், நிலக்கரியின் வெப்பத்தால் பிறக்கும் நீராவி பல நூறு பாகை வெப்பநிலையிலும் பேரழுத்தத்திலும் உருக்குக் குழாய்களுக்குள் ஓடுகிறது. வெளியே உப்புக்காற்று அதே உருக்கை வேறு விதமாக அரிக்கிறது. அயலூரான மாம்புரியில் காற்றாலைகள் சுழல்கின்றன. கரையில் வள்ளங்களின் வெளியிணைப்பு இயந்திரங்கள் நாள்தோறும் உப்புநீரில் இயங்குகின்றன. ஒரு பொருள் எவ்வாறு தாங்குகிறது, எவ்வாறு தளர்கிறது என்னும் வினா இக்கரையோரத்தின் அன்றாட வினாவாகும்.

சுரேஷின் பணிவாழ்விலிருந்து இங்கு எடுத்துக்காட்டப்படும் கருத்து ஒன்றே: விரிசலை முதலில் காண்பவர் ஒருவர், அதன் கணக்கை அறிந்தவர் வேறொருவர், இவ்விருவருக்கும் இடையே பாதை அமைப்பது பொறியியல் கல்வித் தலைமையின் முதற்கடமையாகும். அப்பாதையைத் தம் ஆய்வில் பொருளுக்கும் பொருளுக்கும் இடையே அமைத்தவர், பின்னர் நிறுவனங்களில் துறைக்கும் துறைக்கும், நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையே அமைக்க முயன்றார் என்பதைப் பின்வரும் பகுதிகள் காட்டும்.

2. களைப்பு எனும் நிகழ்வு

ஒரு கம்பியை ஒரே இழுவையில் அறுப்பதற்குப் பெரும் விசை வேண்டும். அதே கம்பியை முன்னும் பின்னும் பல தடவை வளைத்தால் சிறு விசையிலேயே அது முறிந்துவிடும். தாங்கக்கூடிய அளவுக்குள் இருக்கும் சுமை மீண்டும் மீண்டும் ஏறி இறங்குவதால் ஒரு பொருள் படிப்படியாகச் சேதமுற்று முறிவதைப் பொறியியலார் களைப்பு என்பர். உயிருள்ள உடலின் களைப்பு ஓய்வால் தீரும். உலோகத்தின் களைப்பு ஓய்வால் தீராது, சேர்ந்துகொண்டே போகும்.

1842 ஆம் ஆண்டு மே மாதம் வேர்சாயிலிருந்து பாரிசுக்குச் சென்ற புகையிரதம் அச்சுத்தண்டு முறிந்ததால் தடம்புரண்டு எரிந்து ஐம்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தமை, இந்நிகழ்வின்பால் ஐரோப்பாவின் கவனத்தைத் திருப்பிய துயரங்களுள் ஒன்றாகும். அதன் பின்னர் செருமானியப் புகையிரதப் பொறியியலாளர் ஆகஸ்ட் வோலர், அச்சுத்தண்டுகளைச் சுழற்றிச் சுழற்றிப் பல்லாண்டுகள் சோதித்து, எந்த அளவு சுமையை எத்தனை தடவை ஒரு தண்டு தாங்கும் என்பதை அட்டவணைப்படுத்தினார். சுமையின் பருமனோடு சுமையின் எண்ணிக்கையும் கணக்கில் வரவேண்டும் என்பது அவர் நிலைநாட்டிய உண்மையாகும்.

வோலரின் கணக்கு முழுத் தண்டையும் ஒன்றாகக் கொண்டது; இருபதாம் நூற்றாண்டின் கணக்கோ தண்டுக்குள் இருக்கும் விரிசலைத் தனியே எடுத்துக்கொண்டது. குறையற்ற பொருள் எதுவும் இல்லை, ஒவ்வொரு பொருளிலும் எங்கோ ஒரு நுண்விரிசல் இருக்கும் என்று ஏற்றுக்கொண்டு, அது ஒவ்வொரு சுமைச் சுற்றிலும் எவ்வளவு வளர்கிறது என்று கேட்பதே அந்த அணுகுமுறை. விரிசலின் முனையில் விசை எவ்வளவு செறிகிறது என்பதைக் குறிக்கும் அளவைத் தகைப்புச் செறிவு என்பர்; அதன் ஏற்ற இறக்கத்துக்கும் விரிசலின் வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பைப் போல் பாரிசும் பஸில் எர்டோகானும் 1963 இல் எளிய சூத்திரமாக வெளியிட்டனர். அத்தொடர்பின் கீழெல்லையில், விரிசல் வளர்வதே அரிதாகும் நிலை ஒன்று உண்டு. அது வாயில்நிலை எனப்படும். வாயில்நிலைக்கு அருகே விரிசலின் வளர்ச்சி ஒரு சுற்றுக்கு ஒரு மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கு என்னும் அளவிலும் அதற்குக் கீழும் அமைகிறது.

இச்சிற்றளவு ஏன் பொருட்படுத்தத் தக்கது என்பதை ஓர் எளிய கணக்கால் அறியலாம். நிமிடத்துக்கு 15 தடவை சுழலும் காற்றாலையின் உருக்குச் சுழல்தண்டு, இடைவிடாது சுழன்றால் ஒரு நாளில் 21,600 சுற்றுகளைக் காண்கிறது. இறகுகளின் பாரத்தால் ஒவ்வொரு சுற்றிலும் தண்டின் ஒரே இடம் ஒரு தடவை இழுபடுகிறது, ஒரு தடவை அமுக்கப்படுகிறது. அத்தண்டில் ஒரு விரிசல் மேற்கூறிய நூறு கோடியில் ஒரு பங்கு வேகத்தில் வளர்வதாகக் கொண்டால், ஏறத்தாழ 46 நாட்களில் அது ஒரு மில்லிமீற்றர் நீண்டுவிடும். விரிசல் நீள நீள வளர்ச்சியின் வேகமும் கூடும். இருபது ஆண்டுகள் இயங்க வேண்டிய இயந்திரத்தில் ஒரு நுண்விரிசல் வாயில்நிலைக்கு மேலா கீழா என்பதே அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

3. துருவும் ஆப்பும்

1956 இல் இந்தியாவில் பிறந்த சுப்ரா சுரேஷ், தமிழ்நாட்டில் 15 ஆம் வயதில் பள்ளிக் கல்வியை முடித்து, மேற்கு செருமனியின் உதவியுடன் 1959 இல் தொடங்கப்பட்டிருந்த சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் இயந்திரப் பொறியியல் பயின்று 1977 இல் பட்டம் பெற்றார். 1979 இல் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டமும், 1981 இல் மசாசுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் கலாநிதிப் பட்டமும் பெற்றார். கலாநிதி ஆய்வை அவர் இரண்டே ஆண்டுகளில் நிறைவுசெய்தார். ராபர்ட் ரிச்சியின் வழிகாட்டலில் அவர் எடுத்துக்கொண்ட பொருள், வாயில்நிலைக்கு அருகே களைப்பு விரிசல் எவ்வாறு வளர்கிறது என்பதாகும்.

அவ்வாய்வுகளில் சோதிக்கப்பட்ட பொருட்களுள் முதன்மையானது, இரண்டேகால் வீதம் குரோமியமும் ஒரு வீதம் மொலிப்டினமும் கலந்த உருக்காகும். வெப்பத்தையும் அழுத்தத்தையும் நெடுங்காலம் தாங்கவல்லதாதலால், அனல்மின் நிலையங்களின் கொதிகலன்களிலும் வேதிக் கைத்தொழிலின் அழுத்தப் பாத்திரங்களிலும் உலகெங்கும் பயன்படும் உருக்கு வகை அது. அவ்வுருக்கில் விரிசல் ஈரக்காற்றில் மெதுவாகவும், உலர்ந்த ஐதரசன் வாயுவில் விரைவாகவும் வளர்வது அறியப்பட்டிருந்தது. ஐதரசன் உருக்குக்குள் புகுந்து அதை நொறுங்கச் செய்கிறது என்பது நெடுநாளாகத் தெரிந்த செய்தியாகையால், இங்கும் அதுவே காரணம் என்று கொள்வது இயல்பாக இருந்தது.

சுரேஷும் ரிச்சியும் அவர்களுடன் பணியாற்றியோரும் 1981 இல் வேறொரு விளக்கத்தை முன்வைத்தனர். உருக்கோடு எவ்வகையிலும் வினைபுரியாத உலர்ந்த ஈலியம் வாயுவிலும் விரிசல் ஐதரசனில் போலவே விரைவாக வளர்ந்தது. ஆகவே ஐதரசன் விரிசலைத் தூண்டியது என்பதைவிட, ஈரக்காற்று விரிசலைத் தடுத்தது என்பதே பொருந்தும். ஈரக்காற்றில் விரிசலின் இரு முகங்களும் ஒன்றோடொன்று உரசும்போது அங்கு ஒட்சைட்டுப் படிவு, அதாவது ஒரு வகைத் துரு, தடிப்பாக வளர்கிறது. விரிசலின் வாய் திறக்கும் அளவே மிகச் சிறியதாக இருக்கும் வாயில்நிலையில், அப்படிவு இடைவெளியை நிரப்பி ஆப்புப்போல் நிற்கிறது. சுமை முற்றாக இறங்குவதற்கு முன்னரே விரிசல் மூடிக்கொள்வதால், அதன் முனை உணரும் ஏற்ற இறக்கம் குறைகிறது, வளர்ச்சியும் குறைகிறது. விரிசல் மூடல் என்னும் கருத்தை 1970 ஆம் ஆண்டளவில் வூல்ஃப் எல்பர் முன்வைத்திருந்தார். அதற்குத் துருப்படிவும் ஒரு காரணமாகலாம் என்பது புதிய விளக்கத்தின் பங்களிப்பாகும்.

இவ்விளக்கத்தைத் துரு நன்மையானது என்னும் பொதுவிதியாகப் பொருள்கொள்ளலாகாது. கடல்நீரின் அரிப்பு உருக்கின் மேற்பரப்பில் குழிகளைத் தோண்டி, அக்குழிகளிலிருந்தே புதிய விரிசல்களைப் பிறப்பிக்கும் என்பதைக் கரையோரத்தார் அனைவரும் அறிவர். எந்தச் சூழலில், எந்த அளவில், எந்தச் சுமையில் என்ற மூன்றையும் கேட்காமல் ஒரு பொருளைப் பற்றி எதுவும் சொல்ல இயலாது என்பதே அதன் பாடமாகும். கையோடு கிடைத்த காரணத்தை ஏற்றுக்கொள்ளாமல், அதைப் பொய்ப்பிக்கக்கூடிய ஒரு சோதனையைத் தேடிச் செய்யும் ஒழுக்கம், இருபத்தைந்து வயதையொட்டிய இவ்வாய்விலேயே தெளிவாகத் தெரிகிறது.

1983 இல் பிரவுன் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து 1989 இல் பேராசிரியராக உயர்ந்த சுரேஷ், அங்கு ஆய்வின் எல்லையை உலோகத்துக்கு வெளியே விரித்தார். நொறுங்கும் இயல்புடைய மட்பாண்டப் பொருட்களில், மீண்டும் மீண்டும் அமுக்கும் சுமையால்கூடக் களைப்பு விரிசல் வளரும் என்று அவரது குழு காட்டியது. 1991 இல் வெளிவந்து 1998 இல் இரண்டாம் பதிப்புக் கண்ட ‘பொருட்களின் களைப்பு’ என்னும் பொருள்படும் அவரது ஆங்கில நூல், உலோகம், மட்பாண்டம், பல்பகுதியம், கூட்டுப்பொருள் ஆகிய நான்கையும் ஒரே சட்டகத்தில் வைத்து விளக்கியது. உலோகவியலாரும் மட்பாண்டவியலாரும் தத்தம் பொருளைத் தனித்தனியே ஆராய்ந்துவந்த நிலையில், பொருள் வேறானாலும் வினா ஒன்றே என்று காட்டியமையால் அந்நூல் பல நாடுகளில் பாடநூலாயிற்று.

4. தென்னையின் தண்டும் மனிதச் செங்குழியமும்

1993 இல் மசாசுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்துக்குப் பேராசிரியராகத் திரும்பிய பின்னர் சுரேஷின் ஆய்வு இரு திசைகளில் விரிந்தது. அவற்றுள் ஒன்று படித்தரப் பொருட்கள் பற்றியது. ஒரு பொருளின் இயல்பு ஒரு முகத்திலிருந்து மறுமுகம் வரை சிறிது சிறிதாக மாறும்படி அமைக்கப்பட்டால் அது படித்தரப் பொருள் எனப்படும். புத்தளம் மாவட்டத்தின் தென்னந்தோப்புகளில் இதற்கு இயற்கையான எடுத்துக்காட்டு உண்டு. தென்னையின் தண்டு வெளிவிளிம்பில் அடர்ந்த நார்களால் வைரம்பாய்ந்தும், நடுவில் மென்மையாகவும் இருக்கிறது. கடுமையிலிருந்து மென்மைக்குச் செல்லும் மாற்றம் திடீரென நிகழாமல் படிப்படியாக நிகழ்வதால், கடற்காற்றில் வளைந்தாலும் இரு பகுதிகளும் பிளந்து பிரிவதில்லை. இரு வேறு பொருட்களை ஒட்டும் இடத்தில் தகைப்பு செறிந்து விரிசல் பிறப்பதே பொறியியலின் பழைய தொல்லை. அந்த எல்லையைக் கோடாக விடாமல் படித்தரமாக்கினால் விரிசலுக்கான இடம் குறைகிறது. அன்ட்ரியாஸ் மோட்டென்சனுடன் இணைந்து 1998 இல் சுரேஷ் வெளியிட்ட நூல் இப்பொருட்களின் அடிப்படைகளைத் தொகுத்துரைத்தது.

இரண்டாவது திசை உயிரணுவை நோக்கியது. மனிதச் செங்குழியம் ஏறத்தாழ எட்டு மைக்கிரோமீற்றர் விட்டமுடையது. ஒரு மைக்கிரோமீற்றர் என்பது மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. அக்குழியம் மூன்று மைக்கிரோமீற்றர் அளவே அகன்ற மயிர்க்குழாய்களின் ஊடாகவும் நசிந்து நெளிந்து சென்று மீண்டும் தன் வடிவத்தை அடைய வேண்டும். மலேரியா ஒட்டுண்ணி உட்புகுந்து வளரும்போது குழியத்தின் இந்த நெகிழ்வு குறைந்துபோகிறது. விறைத்த குழியங்கள் நுண்குழாய்களில் சிக்கி, மூளை போன்ற உறுப்புகளுக்குச் செல்லும் குருதியோட்டத்தைத் தடுக்கும்போது நோய் உயிராபத்தாக முற்றுகிறது. மருத்துவர்கள் நோயாகக் கண்ட இதைச் சுரேஷின் குழு ஒரு பொருளின் விறைப்பாகக் கண்டு அளந்தது.

அளந்த முறை குறிப்பிடத்தக்கது. குழியத்தின் இரு எதிர்ப்புறங்களிலும் கண்ணுக்குத் தெரியாத சிறு சிலிக்கா மணிகளை ஒட்டி, குவிக்கப்பட்ட லேசர் ஒளியால் அம்மணிகளைப் பிடித்து மெல்ல இழுப்பதன் மூலம், எவ்வளவு விசைக்கு எவ்வளவு நீள்கிறது என்று கண்டறியலாம். ஒளியே இடுக்கியாகச் செயற்படுவதால் இக்கருவி ஒளியியல் இடுக்கி எனப்படும். உருக்குத் தண்டை இழுத்துச் சோதிக்கும் முறையே இங்கு உயிரணுவின் அளவுக்குச் சுருங்கி வந்துள்ளது. பிளாஸ்மோடியம் பல்சிபாரம் என்னும் ஒட்டுண்ணியால் தொற்றுண்ட குழியம், முற்றிய கட்டத்தில் நலமான குழியத்தைவிடப் பத்து மடங்கு வரை விறைக்கக்கூடும் என்று 2005 ஆம் ஆண்டளவில் வெளியான ஆய்வுகள் காட்டின. முன்னைய மதிப்பீடுகள் இதிலும் மிகக் குறைவாக இருந்தன. பாரிசிலுள்ள பஸ்தர் நிறுவகத்தாருடன் சேர்ந்து 2007 இல் வெளியிட்ட ஆய்வு, ஒட்டுண்ணி உண்டாக்கும் ஒரு குறிப்பிட்ட புரதம் இவ்விறைப்புக்குக் காரணமாவதையும், காய்ச்சல் வெப்பநிலையில் அதன் விளைவு மிகுவதையும் நிறுவியது.

மலேரியாவின் கொடுமை இலங்கைக்குப் புதிதல்ல. 1934, 1935 ஆம் ஆண்டுகளின் கொள்ளைநோயில் இத்தீவில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். பல்லாண்டு கால உழைப்பின் பின்னர் 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடாக உலகச் சுகாதார நிறுவனத்தால் சான்றளிக்கப்பட்டது. அவ்வெற்றி நுளம்பைத் தேடிச் சென்ற கள உத்தியோகத்தர்களுக்கும் குருதிப்படலத்தை உருப்பெருக்கியில் பார்த்த ஆய்வுகூடத்தாருக்கும் உரியது. சுரேஷின் ஆய்வு அதே குருதித் துளியை வேறொரு வினாவோடு அணுகியது. கொதிகலன் குழாயைப் பார்க்கக் கற்ற கண், குருதிக் குழாயையும் பார்க்க முடிந்தது என்பது பொருட்பொறியியலின் வீச்சுக்குச் சான்றாகும்.

5. துறைத்தலைவரும் பீடாதிபதியும்

மசாசுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் 2000 முதல் 2006 வரை பொருளறிவியல், பொறியியல் துறையின் தலைவராகவும், 2007 முதல் 2010 வரை பொறியியல் பீடாதிபதியாகவும் சுரேஷ் பணியாற்றினார். அந்நிறுவகத்தின் ஐந்து பீடங்களுள் ஒன்றுக்குத் தலைமையேற்ற, ஆசியாவில் பிறந்த முதற் பேராசிரியர் அவரே. பீடாதிபதி என்பவர் தம் ஆய்வுக்கு மட்டும் பொறுப்பானவர் அல்லர். யாரை விரிவுரையாளராக எடுப்பது, எந்தப் பாடநெறியைத் தொடங்குவது, எந்த ஆய்வுகூடத்துக்கு இடமும் பணமும் ஒதுக்குவது என்னும் தீர்மானங்களின் வழியே பிறருடைய ஆய்வை இயலச் செய்பவர்.

இப்பணியிலும் அவரது நோக்கு துறைகளின் எல்லைகளின்மீதே இருந்தது. துறைத்தலைவராக இருந்த காலத்திலேயே, 2005 இல், பொறிமுறையையும் மூலக்கூற்று மருத்துவத்தையும் ஒன்றிணைத்துப் பல நாடுகளின் நிறுவனங்களை உள்ளடக்கிய ஒரு கூட்டமைப்பைத் தொடங்க அவர் முன்னின்றார். மலேரியா ஆய்வு நடைபெறப் பொறியியலாளரின் லேசரும், ஒட்டுண்ணியியலாளரின் வளர்ப்புக் கூடமும், மரபணுவியலாளரின் நுட்பமும் ஒரே மேசைக்கு வரவேண்டியிருந்தன. அவ்வாறு வருவதற்கு ஒருவருடைய நட்பு மட்டும் போதாது, நிறுவன ஏற்பாடு வேண்டும் என்பதை ஆய்வே அவருக்குக் கற்பித்தது எனலாம். ஒட்டுமிடத்தில் விரிசல் பிறக்கும் என்பதைப் படித்தரப் பொருட்களில் கண்டவர், துறைகள் சந்திக்கும் இடத்தைக் கோடாக விடாமல் படித்தரமாக்க முயன்றார்.

இவ்வொப்புமையை அளவோடு கொள்வதே முறை. மனிதர் உருக்கல்லர், நிறுவனம் தண்டல்ல, களைப்புச் சூத்திரத்தால் ஒரு பல்கலைக்கழகத்தை நடத்த இயலாது. ஆயினும் ஒருவர் இருபது ஆண்டுகள் பழகிய கேள்விமுறை, அவர் பதவியேற்கும்போது வாயிலில் கழற்றி வைக்கப்படும் பொருளன்று.

6. அறக்கட்டளையின் பணிப்பாளர்

1950 இல் நிறுவப்பட்ட அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை, அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் அடிப்படை ஆய்வுக்கு நிதி வழங்கும் அரச நிறுவனமாகும். இளம் ஆய்வாளருக்கான விருதை 1985 இல் அதே அமைப்பின் வழியாகப் பெற்றிருந்த சுரேஷ், 2010 இல் சனாதிபதி பராக் ஒபாமாவால் முன்மொழியப்பட்டு அதன் 13 ஆவது பணிப்பாளரானார். அக்காலத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 700 கோடி டொலர் நிதியைக் கையாண்ட அப்பொறுப்பில் அவர் தொடங்கிய மூன்று முயற்சிகள் இங்கு கருதத்தக்கவை.

முதலாவது, 2011 இல் அறிமுகமான ஐ-கோர் திட்டம். ஆய்வுகூடத்தில் பிறந்த கண்டுபிடிப்பு ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுசெல்ல விரும்பும் குழுவுக்கு 50,000 டொலரும் ஆறு மாதக் காலமும் வழங்கி, அக்கண்டுபிடிப்பைப் பயன்படுத்தக்கூடியோரை நேரில் தேடிச்சென்று அவர்களுடைய உண்மையான தேவை என்ன என்று கேட்டறியுமாறு அத்திட்டம் வற்புறுத்தியது. ஆய்வாளர் தாமே வினாவையும் விடையையும் தீர்மானித்துக்கொள்ளும் பழக்கத்துக்கு இது ஒரு மாற்றாயிற்று.

இரண்டாவது, அதே ஆண்டு செப்டெம்பரில் அறிவிக்கப்பட்ட பணி, வாழ்வுச் சமநிலைத் திட்டம். பிள்ளைப்பேறு, தத்தெடுப்பு ஆகிய காரணங்களுக்காக ஓர் ஆய்வாளர் தம் ஆய்வு நிதியை ஓராண்டு வரை பிற்போட அத்திட்டம் இடமளித்தது. கலாநிதிப் பட்டம் வரை வரும் பெண்கள் பலர், பேராசிரியர் பதவிக்குச் செல்லும் இடைவழியில் ஆய்வைவிட்டு விலகிப்போவது அறிவியல் உலகின் நெடுநாள் இழப்பாகும். அவர்கள் ஒரே நாளில், ஒரே காரணத்தால் விலகுவதில்லை; சிறு சிறு தடைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து விலகச் செய்கின்றன. அத்தடைகளுள் ஒன்றையாவது அடையாளம் கண்டு விதியை மாற்றியமை, இழப்பு நேர்ந்தபின் வருந்துவதைவிடப் பயனுடையது.

மூன்றாவது, 2012 மே மாதம் பல நாடுகளின் ஆய்வு நிதி நிறுவனங்களின் தலைவர்களை ஒன்றுகூட்டி, ஆய்வு முன்மொழிவுகளைத் தகுதியின் அடிப்படையில் எவ்வாறு மதிப்பிடுவது என்னும் பொதுக் கோட்பாடுகளை வகுத்தமை. அக்கூட்டத்திலிருந்து உலக ஆய்வுச் சபை உருவாயிற்று. வசதிமிக்க நாடுகளும் வசதி குறைந்த நாடுகளும் ஒரே அளவுகோலைப் பற்றிப் பேசுவதற்கு அது ஓர் அரங்கமாயிற்று.

7. இரு பல்கலைக்கழகங்கள்

2013 சூலையில் பிற்ஸ்பேர்க் நகரின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஒன்பதாவது தலைவராகப் பொறுப்பேற்ற சுரேஷ், அவ்வாண்டிலேயே சைமன் முன்முயற்சி என்னும் திட்டத்தைத் தொடங்கினார். பொருளியலுக்கான நோபல் பரிசை 1978 இல் பெற்ற, அப்பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஹேர்பேட் சைமனின் பெயரால் அமைந்த அத்திட்டம், மாணவர் எவ்வாறு கற்கின்றனர் என்பதையே அளந்தறிந்து அதற்கேற்பக் கற்பித்தலைத் திருத்த முயல்வதாகும். 2017 நடுப்பகுதியில் அப்பதவியிலிருந்து விலகி, 2018 சனவரியில் சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நான்காவது தலைவராகி 2022 வரை அங்கு பணியாற்றினார்.

பதவிகளுக்கு இடையே ஆய்வு நின்றுவிடவில்லை. கடினமானது, ஆனால் வளையாதது என்று கருதப்பட்ட வைரம், நுண்ணூசி வடிவில் அமையும்போது நொறுங்காமல் ஒன்பது வீதம் வரை மீள்தன்மையுடன் விகாரமடையும் என்று 2018 இல் வெளியான ஆய்வில் அவரும் பங்கேற்றார். அமெரிக்காவின் பொறியியல், அறிவியல், மருத்துவம் ஆகிய மூன்று தேசியக் கழகங்களிலும் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவருக்கு, 2011 இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருதையும், 2023 இல் அமெரிக்க அரசு தேசிய அறிவியல் பதக்கத்தையும் வழங்கின.

இப்பணிவாழ்வை மதிப்பிடும்போது ஒரு தடையையும் நேர்மையாகக் கூறவேண்டும். ஆறாண்டுக் காலத்துக்கான தேசிய அறிவியல் அறக்கட்டளைப் பதவியில் அவர் இருந்தது ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள். கார்னகி மெலனில் நான்கு ஆண்டுகள். ஒரு பல்கலைக்கழகத்தின் பழக்கங்கள் மாற இதைவிட நெடுங்காலம் வேண்டும். எனவே தலைவர் இருந்த காலத்தைக் கொண்டு அளப்பதைவிட, அவர் சென்றபின் எது நிலைத்தது என்று கேட்பதே தக்க அளவுகோலாகும். ஐ-கோர் திட்டம் 2017 சனவரியில் கையொப்பமான சட்டத்தில் இடம்பெற்று நிலைபெற்றது. உலக ஆய்வுச் சபை தொடர்ந்து கூடிவருகிறது. ஆளைச் சார்ந்திராமல் விதியாகவும் வழக்கமாகவும் மாறியவையே நின்றன.

8. இலங்கையின் மரபும் இக்கரையின் தேவையும்

பொருளை ஆராய்ந்தவர் கல்விக்குத் தலைமை தாங்கும் மரபு இலங்கைத் தமிழருக்கும் உரியது. பேராசிரியர் அழகையா துரைராஜா கேம்பிரிட்ஜில் ஆராய்ந்த பொருள் மண். களிமண் சுமையின்கீழ் எவ்வாறு இணங்கி உருமாறுகிறது என்பது குறித்துக் கென்னத் ரொஸ்கோ, அன்ட்ரூ ஸ்கோபீல்ட் ஆகியோருடன் இணைந்து அவர் 1963 இல் வெளியிட்ட கட்டுரை, மண் பொறிமுறையின் அடிப்படைகளுள் ஒன்றாக இன்றும் பயிலப்படுகிறது. அப்பெருமையோடு வெளிநாட்டில் தங்கிவிடாமல் தாயகம் திரும்பி, பேராதனையில் பொறியியல் பீடாதிபதியாகவும், 1988 முதல் 1994 இல் மறையும் வரை, போர்ச்சூழலின் நடுவே, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் அவர் பணியாற்றினார். சுரேஷுக்குக் கிட்டிய நிதியும் ஆய்வுகூடங்களும் துரைராஜாவுக்குக் கிட்டவில்லை. அவர் தாங்கிய சுமையின் அளவு வேறு. இருவரையும் ஒரே தராசில் நிறுப்பது முறையன்று. பொருளின் இயல்பைப் பொறுமையாக அளந்தவர்கள், மனிதருக்கான நிறுவனத்தைத் தாங்கும் பொறுப்பையும் ஏற்றனர் என்பதே இருவருக்கும் பொதுவானது.

நுரைச்சோலைக்கு இம்மரபு உரைப்பது என்ன? அனல்மின் நிலையத்தின் ஓர் அலகு நிறுத்தப்பட்டு மீண்டும் இயக்கப்படும் ஒவ்வொரு தடவையும், தடித்த உருக்குப் பகுதிகள் குளிர்ந்து சுருங்கி மீண்டும் சூடேறி விரிகின்றன. களைப்பின் கணக்கில் அது ஒரு சுற்றாகும். நிலக்கரி எரிந்தபின் எஞ்சும் பறக்குஞ் சாம்பல் கவனியாது விடப்பட்டால் ஊருக்குக் கேடு. சீமெந்தில் அளவறிந்து சேர்க்கப்பட்டால், சுண்ணாம்போடு வினைபுரிந்து கொங்கிறீற்றின் நுண்துளைகளை அடைத்து, உப்புநீர் உட்புகுவதைக் குறைக்கும். கரையோரக் கட்டடங்களின் கம்பி துருப்பிடித்துக் கொங்கிறீற்று வெடித்து உதிர்வதைக் காணாத வீடு இங்கு அரிது. ஊருக்கு அருகே குவியும் சாம்பலும், ஊரின் சுவரில் உதிரும் கொங்கிறீற்றும் ஒரே துறையின் இரு வினாக்கள் ஆகும்.

இவ்வினாக்களை நாள்தோறும் காண்பவர் யாவர்? பராமரிப்புக்காக நிறுத்தப்பட்ட கொதிகலனுக்குள் விளக்கோடு நுழையும் தொழிலாளி. வள்ளத்தின் இயந்திரத் தண்டை ஒவ்வொரு பருவமும் கழற்றிப் பூட்டும் கம்மியர். உவர்நிலத்தில் அத்திவாரம் இடும் மேசன். அவர்கள் கைவிரலால் தடவிப் பார்த்தே கீறலுக்கும் விரிசலுக்கும் வேறுபாடு சொல்லக் கூடியவர்கள். அதே விரிசலின் கணக்கை அறிந்தவர்கள் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் பொருளறிவியல், பொறியியல் துறையிலும், பேராதனை, யாழ்ப்பாணம், தென்கிழக்கு ஆகிய பல்கலைக்கழகங்களின் பொறியியல் பீடங்களிலும் இருக்கின்றனர். பாடசாலையில் தமிழில் கணிதமும் பௌதிகமும் கற்ற மாணவர், பீடத்துள் ஆங்கிலத்தில் பொறியியல் கற்று வெளிவரும்போது, தம் தந்தை கண்ட விரிசலைப் பற்றித் தந்தையோடு பேசுவதற்கான சொற்கள் அவரிடம் இருக்கவேண்டும். களைப்பு, தகைப்பு, விகாரம், வாயில்நிலை முதலிய சொற்கள் பரீட்சைத் தாளோடு நின்றுவிடாமல் வேலைத்தலத்துக்கு வந்துசேர்வது அப்பாதையின் முதற்படியாகும்.

அப்பாதையின் ஏனைய படிகளும் பெருஞ்செலவை வேண்டுபவை அல்ல. இறுதியாண்டு மாணவர் ஆய்வுக்குரிய வினாவை இக்கரையிலிருந்து எடுத்துக்கொள்ளுதல், பழுதுற்று அகற்றப்பட்ட தண்டையும் குழாயையும் இரும்புக்கடைக்கு அனுப்புமுன் முறிவு முகத்தைப் படம்பிடித்து வைத்தல், உயர்தர வகுப்பில் பயிலும் பெண்பிள்ளைகளைப் பொறியியல் பீடத்தின் ஆய்வுகூடத்துக்கு ஒருநாள் அழைத்துச் செல்லுதல் ஆகியன எந்தப் பாடசாலையும் எந்தப் பீடமும் செய்யக்கூடியவை. களைப்பால் முறிந்த தண்டின் முகத்தில், விரிசல் கட்டங்கட்டமாக முன்னேறியதைக் காட்டும் வளைகோடுகள், கடலலை மணலில் விட்டுச்சென்ற வரிகளைப் போலப் பதிந்திருக்கும். பொறியியலார் அவற்றைக் கரைவரிகள் என்னும் பொருள்படும் பெயராலேயே அழைக்கின்றனர். அவ்வரிகளைத் தொடர்ந்து பின்னோக்கிச் சென்றால் விரிசல் பிறந்த இடத்தையும் பெரும்பாலும் அடையாளம் காணலாம். கடற்கரையில் அலைவரிகளைப் பார்த்து வளர்ந்த நுரைச்சோலைப் பிள்ளை ஒருவர், முறிந்த உருக்கின் முகத்தில் அவ்வரிகளை முதன்முறையாகப் பார்த்து, இது எங்கிருந்து தொடங்கிற்று என்று கேட்கும் இடத்தில் பொருட்பொறியியல் தொடங்குகிறது. அக்கேள்விக்கு ஆய்வுகூடம் வரை வழிவிடுவது கல்வித் தலைமையின் வேலை.